மூன்று தடவை அழுத்தினால் சம்மதம்

நவம்பர் 8

மழை ஒருவழியாக விட்டது. தண்ணீர்த் தொட்டியின் மூடியைப் புயல் தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் போட்டிருந்தது. எடுத்து வந்து கழுவி மூடி, மேலே ஒரு செங்கல்லும் வைத்தேன். மதியம் கரண்ட் வந்ததும் தூதுவின் புகார்ப் பக்கத்தைத் திறந்தேன். புயல் அடித்தாலும் புகார் எழுதுகிறவர்களுக்கு ஓய்வு கிடையாது.

நடப்பதையெல்லாம் தேதி போட்டு எழுதி வை, நாளைக்கு ஒரு புது ஆள் வந்தாலும் புரியணும் என்று ஜெரோம் சொல்லிவிட்டுப் போனான். அதனால் தெரிந்த கதையையும் எழுதுகிறேன். தூது என்பது நானும் தம்பி ஜெரோமும் எழுதிய மென்பொருள் நூலகம். நூலகம் என்றால் அம்மா இன்னமும் புத்தகமெல்லாம் எங்கே என்று கேட்கிறாள். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம், குறை சொல்லலாம், திருத்தமும் எழுதி அனுப்பலாம். குறை சொல்லத்தான் கூட்டம் அதிகம்.

ஆழ்கடலுக்குப் போகும் படகுகளில் போன் எடுக்காது. அதற்குப் பதில் படகுக்கு ஒரு பெட்டி. இரண்டு படகுகள் கிட்டே வந்தால் பெட்டிகள் தமக்குள் செய்திகளை மாற்றிக்கொள்ளும், படகில் இருப்பவர்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது. கரையிலிருந்து அனுப்பும் செய்தி இப்படிக் கைமாறிக் கைமாறி உரிய படகுக்குப் போகும். ஒரு கோடு என்றால் புறப்பட்டது. இரண்டு கோடு என்றால் கிடைத்தது.

புயலில் சிதறிய படகுகள் ஆங்காங்கே துறைமுகங்களில் ஒதுங்கிவிட்டன. கார்மல் மட்டும் எங்கேயும் வந்து சேரவில்லை. ஆனால் அதற்கு அனுப்பும் செய்திகளுக்கு இரண்டு கோடு விழுகிறது. பிறகென்ன, கடலில்தான் இருக்கிறார்கள், தேடிப் போய் டீசல் வீணாக்க வேண்டாம் என்று மீனவர் சங்கத்தில் முடிவெடுத்திருக்கிறார்கள். நியாயமான முடிவு.

நவம்பர் 9

கார்மலில் இருக்கும் ஏழாம் எண் பெட்டிக்குக் காலையில் வழக்கமான சோதனைச் செய்தி அனுப்பினேன்: "அம்மாவின் கால் வீக்கம் குறைந்திருக்கிறது." இரண்டு கோடு.

நவம்பர் 10

மெய்யம்மையிடமிருந்து ஒரு புகார். இந்தப் பெண்ணை நான் நேரில் பார்த்ததில்லை. கோயம்புத்தூரில் எங்கோ வேலை செய்துகொண்டு, ஓய்வு நேரத்தில் எங்கள் பிழைகளைத் தோண்டி எடுப்பது அவளுக்குப் பொழுதுபோக்கு. எழுதும்போது மட்டும் அவ்வளவு பணிவு. "வணக்கம். தவறாக இருந்தால் மன்னிக்கவும்" என்று தொடங்கினால் நம் தலையில் ஒரு கல் விழப்போகிறது என்று அர்த்தம்.

விழுந்தது. வழியில் இருக்கும் படகு, செய்தியைத் தன் கையில் வாங்கிக்கொண்டவுடனே "கிடைத்தது" என்று சொல்லிவிடுகிறதாம். உரியவருக்குப் போய்ச் சேர்ந்ததா என்று அது பார்ப்பதே இல்லையாம். தபால்காரர் பையில் போட்டதையே வீட்டில் கொடுத்ததாகக் கணக்கு வைப்பது மாதிரி.

சரிபார்த்தேன். உண்மைதான். தொடக்கத்தில் எங்களிடம் இரண்டே பெட்டிகள். ஒன்று என் மேசையில், மற்றது ஜெரோமின் அறையில். நடுவில் யாரும் கிடையாது. வாங்கினால் சேர்ந்ததாகத்தான் அர்த்தம். பிறகு நடுவில் படகுகள் வந்தன. அந்த வரியை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

இன்னொன்றும் எழுதியிருக்கிறாள். ஏற்கெனவே இரண்டு கோடு விழுந்த செய்திக்கு மறுபடி ஒரு பதில் வந்தால் நம் நிரல் அதைக் குப்பையில் போட்டுவிடுகிறது. எந்தப் பெட்டியிலிருந்து வந்தது என்றுகூடக் குறித்து வைப்பதில்லை. எல்லாரும் பார்க்கக்கூடிய குப்பைப் பதிவில் அப்படிச் சில பதில்கள் விழுந்து கிடக்கின்றன என்கிறாள். கிடக்கட்டும்.

மத்தியானம் சாப்பிடப் பிடிக்கவில்லை. அசிடிட்டி.

நவம்பர் 12

மெய்யம்மை இரண்டே நாளில் திருத்தத்தையும் எழுதி அனுப்பிவிட்டாள். இதை ஏற்றுக்கொண்டால், உண்மையாகச் சேர்ந்த செய்திக்கு மட்டும்தான் இரண்டு கோடு விழும். மற்றவையெல்லாம் ஒரு கோட்டுக்குத் திரும்பிவிடும். மறுபடி வரும் பதில்களும் குப்பைக்குப் போகாமல் பெட்டியின் பெயரோடு பதிவாகும். நல்ல திருத்தம். அவசரம் ஒன்றும் இல்லை.

தூதுவில் ஒரு வழக்கம் உண்டு. ஒப்புகைப் பகுதியில், அதாவது இந்தக் கோடுகள் போடும் இடத்தில், கை வைக்க வேண்டுமென்றால் நான், ஜெரோம் இருவருடைய சம்மதமும் வேண்டும். ஒருவர் மட்டும் செய்யக் கூடாது. ஒரு தடவை நான் தனியாக எதையோ மாற்றி எல்லாமே நின்றுபோனபோது ஜெரோம் கொண்டுவந்த சட்டம் இது. சம்மதம் சொல்வதற்கும் அவனுக்குச் சோம்பல். பெட்டியில் செய்தி படிக்க ஒரு சின்னத் திரையும் பதிலுக்கு ஒரே ஒரு ரப்பர் பொத்தானும் உண்டு. ஒரு தடவை அழுத்தினால் "படித்தேன்". மூன்று தடவை அழுத்தினால் சம்மதம் என்று அவனே நிரலில் எழுதி வைத்தான். கட்டிலில் படுத்தபடி பெருவிரலால் டப் டப் டப் என்று அழுத்துவான். "எழும்பி வந்து வாயால சொன்னா என்னடே?" என்று நான் கத்துவேன். மறுபடி டப் டப் டப்.

ஏழாம் பெட்டிக்குச் செய்தி அனுப்பினேன்: "மெய்யம்மையின் திருத்தம் வந்திருக்கிறது. கோடு போடும் இடம். சம்மதமா?"

இரண்டு கோடு. பதிலுக்குக் காத்திருக்க வேண்டியதுதான். வழக்கம் வழக்கம்தான்.

நவம்பர் 13

திருத்தத்தைத் திருப்பி அனுப்பினேன். விளக்கக் குறிப்பில் ஒரு காற்புள்ளி இல்லை.

நவம்பர் 14

மெய்யம்மை காற்புள்ளி போட்டு அனுப்பினாள். நிரலில் மாறிகளின் பெயர்கள் நீளமாக இருக்கின்றன என்று மறுபடி திருப்பினேன். பெயர் வைப்பதில் நான் எப்போதுமே கறார்.

ஏழாம் பெட்டிக்கு: "சம்மதமா, இல்லையா? சொல்லித் தொலை." இரண்டு கோடு.

குப்பைப் பதிவு திடீரென்று ஊதியிருக்கிறது. "மறுபடி வந்த பதில், நீக்கப்பட்டது" என்ற ஒரே வரி திரும்பத் திரும்ப. மூன்று வரி, ஒரு இடைவெளி, மூன்று வரி. ஏதோ ஒரு படகில் உப்புத் தண்ணீர் பட்டு ரப்பர் பொத்தான் ஊறியிருக்கும். அது தானாக அமுங்கி அமுங்கி எழுகிறது.

நவம்பர் 15

ஆக்னஸ் அக்கா வந்தாள். கார்மலை ஓட்டுகிற சூசடிமை அண்ணனின் மனைவி. புயலுக்குப் பிறகு தினமும் பஸ் பிடித்து மார்த்தாண்டத்தில் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுகிறாள். போனை நீட்டி, "பாரு பிள்ளே, இதுக்கும் ரெண்டு கோடு. அவியளுக்குக் கிட்டிச்சு, இல்லியா?" என்பாள். நான் கிட்டிச்சு என்பேன். அவள் டீ குடித்துவிட்டுப் போவாள். நேற்று அவள் அனுப்பியது, மகளைப் பெண் பார்க்க வருகிறார்களாம், என்ன சொல்ல என்று. கிடைத்ததாகக் காட்டுகிறது. பதில் இல்லை.

"எனக்கொரு சந்தேகம்," என்றாள் இன்று. "கிட்டிச்சுண்ணா ஒரு வார்த்தை திருப்பிப் போடப்பிடாதா? அவியளுக்குத்தான் எழுத்து வராது. உனக்க தம்பியும் அந்தப் போட்டில தானே இருக்கான். படிச்ச பையன். அவனாவது உனக்குப் போட்டானா?"

"பதில் எழுதணும்ணா போன் வேணும் அக்கா. போன் நனைஞ்சிருக்கும். பெட்டியில பதிலுக்குப் பொத்தான் மட்டும்தான் உண்டு."

சொன்னதில் பொய் எதுவும் இல்லை. புதுப் பெட்டியைக் கடலில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று ஜெரோம் தானே ஆசைப்பட்டுப் போனான். நான் போகச் சொல்லவில்லை. போக வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

அக்கா என் கணினித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். குப்பைப் பதிவு ஓடிக்கொண்டிருந்தது.

"இது என்ன, மூணு மூணா வருது?"

"ஒண்ணுமில்ல. ஏதோ பெட்டி கெட்டுப்போச்சு."

"ஆரோ கதவைத் தட்டுத மாதிரி இருக்கு பிள்ளே," என்றாள். எனக்கு எரிச்சலாக வந்தது. திரையைத் திருப்பி வைத்தேன்.

நவம்பர் 16

ஞாயிறு. கோயிலுக்குப் போகவில்லை. அம்மா தனியாகப் போய்விட்டு வந்தாள். கார்மலுக்காக ஜெபம் சொன்னார்களாம். ஊரில் எல்லாரும் தைரியமாக இருக்கிறார்கள் என்றாள், இரண்டு கோடு விழுவதால்.

ஏழாம் பெட்டிக்கு: "ஜெரோம், விளையாடாதே."

நவம்பர் 17

குப்பைப் பதிவால் கணினியில் இடம் நிரம்பிவிட்டது. காலையில் நான் செய்தி அனுப்பினால் சாயங்காலத்துக்குள் இந்தச் சனியன் கூடிவிடுகிறது. மூன்று, இடைவெளி, மூன்று. கண்ணை மூடினாலும் அதே தாளம்தான். அரிசி களையும்போது என் கை மூன்று தடவை அலசி நிற்கிறது.

பதிவையே நிறுத்திவிட்டேன். ஒரே ஒரு வரி மாற்றம். ஒப்புகைப் பகுதி இல்லை, அதனால் யார் சம்மதமும் தேவையில்லை. இனி வருவது எதுவும் திரைக்கு வராது.

வீடு அமைதியாகிவிட்டது. நன்றாகத் தூங்க வேண்டும்.

நவம்பர் 18

தூங்கவில்லை.

நவம்பர் 19

காலையில் மெய்யம்மை போன் செய்தாள். இத்தனை நாளில் முதல் தடவையாக அவள் குரலைக் கேட்கிறேன். நினைத்ததைவிடச் சின்ன வயதுக் குரல்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. என் திருத்தத்தை நீங்க ஏன் திருப்பித் திருப்பி அனுப்புறீங்கன்னு எனக்குப் புரியுது. கார்மல்ல உங்க தம்பி இருக்கிறதா நேத்துத்தான் தெரிஞ்சது."

நான் அடுப்பில் பாலை வைத்தேன்.

"இந்தக் கோடு போயிடுச்சுன்னா அவர் போயிட்ட மாதிரி ஆயிடும்னு நினைக்கிறீங்க."

"காற்புள்ளி இல்ல, அதுக்குத்தான் திருப்பினேன்," என்றேன். என் காதுக்கே அசிங்கமாக இருந்தது.

"சரிக்கா. ஆனா நீங்க நிறுத்தறதுக்கு முன்னாடி அந்தக் குப்பைப் பதிவை நான் எடுத்து வச்சிருந்தேன். பெட்டி பேரு அதுல இல்லை. ஆனா எந்தச் செய்திக்கு வந்த பதில்னு எண் இருக்கு. பொத்தான் கெட்டிருந்தா எல்லாச் செய்திக்கும்ல வரணும்? இந்த மூணு மூணா வர்றதெல்லாம் நீங்க அனுப்பின செய்திக்கு மட்டும்தான் வருது. பன்னெண்டாம் தேதியிலேருந்து. அந்தச் செய்தியில என்ன கேட்டிருந்தீங்க?"

போனைக் கையில் பிடித்தபடி நின்றேன். பால் பொங்கி வழிந்து அடுப்பை அணைத்துவிட்டது. கேஸ் வாடை வந்ததும் அம்மா ஓடி வந்து மூடினாள். மெய்யம்மை எண்களை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டே இருந்தாள்.

சம்மதமா என்றுதான் கேட்டிருந்தேன். தினமும் காலையில் கேட்டேன். தினமும் சாயங்காலம் அவன் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறான். நான் குப்பையில் போட்டுக்கொண்டே இருந்தேன். அதற்கும் பிறகு காதைப் பொத்திக்கொண்டேன்.

அதே நேரத்தில் திருத்தத்தை வெளியிட்டேன். ஏழாம் பெட்டிக்கு எழுதினேன்: "வெளியிட்டுவிட்டேன். வருகிறோம்."

நவம்பர் 20

நடந்ததை நடந்தபடியே எழுதி வைக்கிறேன்.

கார்மலுக்குப் போன செய்திகளிலெல்லாம் இரண்டாம் கோடு மறைந்தது. ஊரே போன் செய்தது. ஆக்னஸ் அக்கா முதல் பஸ்ஸில் வந்து வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். "எனக்க கோட்டை எடுத்துப் போட்டியே, பாவி," என்று தலையில் அடித்துக்கொண்டாள். நான் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

அப்புறம் வரத் தொடங்கின. பெற்றுக்கொண்டேன் என்று கரையிலிருந்து யாரும் சொல்லாததால் படகுகள் அந்தப் பதில்களை விடாமல் வைத்திருந்திருக்கின்றன. தூது எதையும் தொலைக்காது என்று முகப்புப் பக்கத்தில் நாங்கள் எழுதி வைத்திருந்தோமே, அது உண்மைதான். நான் தூக்கி எறிந்ததெல்லாம் திரும்பி வந்தது. இந்தத் தடவை பெயரோடு வந்தது. ஏழாம் பெட்டி. ஏழாம் பெட்டி. ஏழாம் பெட்டி.

திருத்தத்தின் பக்கத்தில், இருவர் சம்மதம் என்ற இடத்தில், ஜெரோமின் பெயர் தானாகவே ஏறியது. அழுத்திய தேதியையும் அதுவே போட்டது. நவம்பர் 13.

அன்று நான் காற்புள்ளிக்காகத் திருப்பி அனுப்பினேன்.

கடைசிப் பதிலை வாங்கியது சகாயமாதா படகு. அது எங்கே நின்றபோது வாங்கியது என்பதும் வந்தது. சங்கத்துக்கு ஓடினோம். வயர்லெஸ்ஸில் பேசினார்கள். சகாயமாதாக்காரர் சத்தியம் செய்தார், "அங்க ஒரு போட்டும் இல்ல. வெறும் தண்ணியாக்கும்." ஆனாலும் திரும்பிப் போனார். துறைமுகத்திலிருந்தும் படகுகள் புறப்பட்டன. சங்கத்தில் ஒரு ஆள் மறுபடி டீசல் வீணாகும் என்றான். ஆக்னஸ் அக்கா அவனைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டான்.

நவம்பர் 24

பெட்டி கிடைத்தது.

ஐஸ் பெட்டியின் மூடி ஒன்று மிதந்துகொண்டிருந்ததாம். அதன் மேல் ஏழாம் பெட்டி, சூரியத் தகடு வானத்தைப் பார்க்கும்படி, லுங்கிக் கிழிசலால் இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது. ஆள் இல்லை. ஒருவருமே இல்லை. இன்னும் தேடுகிறார்கள். கிழிசல் பச்சைக் கட்டம் போட்டது. ஓணத்துக்கு நான் வாங்கிக் கொடுத்தது.

கொண்டுவந்து கொடுத்தவர் சொன்னார்: "கட்டு பலமாக்கும் அக்கா. அவிழ்க்க முடியல, கத்தி வச்சு அறுத்தோம். கையில தெம்பு உள்ளவன் போட்ட கட்டு."

ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னார்.

நவம்பர் 25

பெட்டி என் மேசையில் இருக்கிறது. மின்கலத்தைக் கழற்றி, தகட்டின் மேல் துணி போட்டு மூடி வைத்திருக்கிறேன். இனி அதனிடமிருந்து எதுவும் வர வழியில்லை.

சாயங்காலம் ஒரு படகு கரைக்கு வந்தது. அது துறைமுகத்துக்குள் நுழைந்ததும் என் திரையில்: ஏழாம் பெட்டி. ஏழாம் பெட்டி. ஏழாம் பெட்டி.

அம்மா அடுக்களையிலிருந்து, "ஜெரோமா?" என்றாள். எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை.

நவம்பர் 28

விளக்கம் இருக்கிறது. அவன் அழுத்தியபோது அந்தப் பக்கமாகப் போன படகுகள் ஆளுக்குக் கொஞ்சம் வாங்கி வைத்திருக்கின்றன. கரைக்கு வரும்போது இறக்கி வைக்கின்றன. அவ்வளவுதான். தாழ மிதக்கும் ஒரு மூடி அலைக்கு நடுவில் யார் கண்ணுக்கும் தெரியாது. படகுகள் கூப்பிடு தூரத்தில் போயிருக்கும். பெட்டிகள் பேசிக்கொண்டிருக்கும். ஆட்கள் மீன் வெட்டிக்கொண்டிருந்திருப்பார்கள்.

விளக்கம் எனக்குத் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு படகு வரும்போதும் மேசையில் துணிக்கு அடியில் இருக்கும் பெட்டியைத்தான் பார்க்கிறேன்.

ஆக்னஸ் அக்கா இப்போதும் தினமும் வருகிறாள். என்னைத் திட்டுவதில்லை. திரைக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மூன்று வரி வரும்போதெல்லாம் சிலுவை போட்டுக்கொள்கிறாள். அவள் கணவருக்கு அனுப்பிய செய்திகளுக்கும் ஒரு தடவை அழுத்திய பதில்கள் வந்தன. பெண் பார்க்க வருகிற செய்திக்குப் பதினெட்டாம் தேதி அழுத்தியது மூன்று.

"மூணுண்ணா செரிண்ணுதானே?" என்றாள். ஜெரோம் வாசித்துக் காட்டியிருப்பான், அண்ணன் சரி என்றிருப்பார், இவன் அழுத்தியிருப்பான். இரண்டு பேரும் சேர்ந்து இருந்திருக்கிறார்கள். அதைச் சொன்னபோது அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். இதை எழுதுவதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

டிசம்பர் 1

மெய்யம்மை கேட்கிறாள்: "பிழை சரியாகிவிட்டது. புகாரை மூடிவிடலாமா?" மூடுவதற்கும் இருவர் சம்மதம் வேண்டும் என்று பதில் எழுதினேன். அவள் வற்புறுத்தவில்லை.

டிசம்பர் 3

சகாயமாதா இன்று கரைக்கு வந்தது. இத்தனை நாளும் விடாமல் தேடிக்கொண்டிருந்த படகு அதுதான். அது வருவதாகக் கேள்விப்பட்டதும் அக்கா காலையிலேயே வந்துவிட்டாள்.

ஒரே ஒரு வரிதான் வந்தது. ஏழாம் பெட்டி.

அடுத்த இரண்டுக்காகக் காத்திருந்தோம். வரவில்லை.

"ஒண்ணுதான் வந்திருக்கு. ஒண்ணுண்ணா என்ன பிள்ளே?"

"படிச்சேன்னு அர்த்தம்."

"எதை?"

எண்ணைப் பார்த்தேன். "வெளியிட்டுவிட்டேன். வருகிறோம்." பத்தொன்பதாம் தேதி அனுப்பியது. அதை அவன் அழுத்தியது இருபத்தொன்றாம் தேதி. அப்போது எங்கள் படகுகள் புறப்பட்டு ஒரு நாள் ஆகியிருந்தது.

வாசித்துக் காட்டினேன். அக்கா சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு, "அப்பம் அண்ணைக்கு உயிரோட இருந்தாவ," என்றாள். "நாம வாறோம்ணு தெரிஞ்சு இருந்தாவ."

பையை எடுத்துக்கொண்டு வாசல் வரை போனவள் திரும்பி நின்றாள்.

"இன்னும் கரைக்கு வராத போட்டு ஏதும் உண்டா?"

திரையில் எல்லாப் படகுகளின் பெயர்களும் இருந்தன. ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கார்மலைத் தவிர எல்லாம் வந்துவிட்டன.

"ஒண்ணு உண்டு அக்கா," என்றேன்.

அக்கா பையைக் கீழே வைத்துவிட்டு, நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள்.